பெரிய கல்லூரிக்காக நான் ஆடிய ஒரே ஆட்டம்

லூயிஷாமில் ஒரு விளையாட்டு மண்டபம். வெளியே கோடைகாலம் என்று பெயர், ஆனால் மழை. உள்ளே ரப்பர் சப்பாத்து மணமும் மட்டன் ரோல் மணமும் கலந்து கிடந்தன. நான் நீல பனியன் போட்டுக்கொண்டு, ஓரத்தில் மாற்று ஆட்டக்காரருக்குக் கிடந்த தாழ்வான நீள வாங்குப் பலகையில், முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்திருந்தேன்.

எதிரணி மைதானத்துக்குள் ஓடி வந்தது. முதலில் அணித்தலைவன் பரமு. அவனுக்குப் பின்னால் சலூன் நடத்தும் குணம். அதற்குப் பின்னால் அண்ணன் தம்பி இருவர். இருவருக்கும் ஒரே மொட்டை, ஒரே அளவு தொந்தி. ஐந்தாவதாக ஓடி வந்தது ஒரு பெண்.

தலைமயிரை இறுக்கிப் பின்னிக் கட்டியிருந்தாள். ஒன்பதாம் இலக்கச் சிவப்பு பனியன், தோள் இரண்டும் ஊசி குத்திச் சுருக்கப்பட்டிருந்தது. அந்தப் பனியனை எனக்குத் தெரியும். போன வருடம் வரை நான் போட்டது.

பனியனுக்குள் இருந்தவளையும் எனக்குத் தெரியும். காலையில் "ஈஸ்ட் ஹாமுக்குச் சாறி பார்க்கப் போறன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய என் மனைவி வதனி.

மச்சானின் கேள்வி

இந்தக் கதையை இந்த வாரம் எழுத வைத்தவர் அமெரிக்காவில் இருக்கும் வதனியின் தம்பி. அவருடைய மகன் அங்கே ஒரு ஜூனியர் காலேஜில் இரண்டு வருடம் கூடைப்பந்து ஆடியிருக்கிறான். இப்போது ஒரு பெரிய பல்கலைக்கழகம் அவனைத் தன் அணிக்குக் கூப்பிடுகிறதாம். சின்ன இடத்தில் பேர் எடுத்தவன் பெரிய இடத்தில் தேறுவானா என்று தகப்பனுக்குக் கவலை.

"இதில அனுபவம் உள்ள ஆள் நீங்கள்தானே, அத்தான்," என்றார் தொலைபேசியில்.

இந்த விஷயத்தில் என்னை ஒருவர் அனுபவசாலி என்று சொன்னது அதுவே முதல் தடவை. உடனே நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த வதனி விழுந்து விழுந்து சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒற்றை வளையம்

எங்கள் பள்ளிக்கூடம் சின்னது. ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்தோம். ஓ.எல். என்கிற சாதாரணதரப் பரீட்சை வரைதான் வகுப்பு; அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் வேறு இடம் பார்க்க வேண்டும். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. நான் பிறகு போய்ச் சேர்ந்த பெரிய கல்லூரியின் பெயரையும் சொல்ல மாட்டேன். அதைச் சொன்னால் அவர்களுடைய லண்டன் சங்கம் எனக்கு அவசரக் கூட்டம் போடும்.

சின்னப் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து வளையம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இரண்டு அணியும் அதற்குள்ளேதான் எறிய வேண்டும். விழுந்த பந்து யாருடைய கணக்கு என்று சண்டை பிடிப்போம், மணி அடிக்கும், போய்விடுவோம். அப்படி எறிகிற கூட்டத்தில் நான் ராஜா.

ஏ.எல். என்கிற உயர்தரம் படிக்கப் பெரிய கல்லூரியில் இடம் கிடைத்ததே அதனால்தான். அங்கே பயிற்சி கொடுத்த மாஸ்டர் நான் எறிவதைப் பார்த்துவிட்டு, "இவனை எடுங்கோ" என்றார். முதல் நாளே பனியன் தந்தார்கள். அதன் பிறகு இரண்டு வருடம் அந்தப் பனியனில் ஒரு சொட்டு வேர்வை படவில்லை. எலுமிச்சம்பழத் தண்ணீர் கரைத்தேன். பந்துக்குக் காற்றடித்தேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாஸ்டர் "அடுத்த மட்சில பாப்பம்" என்பார். சின்னப் பள்ளிக்கூடங்களிலிருந்து வந்தவர்கள் எல்லோருக்கும் அங்கே இதே மருந்துதான். ஒருவன் மட்டும் தப்பினான். அவன் ஆறடிக்கு மேல் வளர்ந்திருந்தான், வாங்கில் இருந்தால் பின்னால் இருப்பவர்களுக்கு ஆட்டம் தெரியவில்லை.

பிறகு நாடு விட்டேன். ஜெர்மனி, பாரிஸ், கடைசியில் லண்டன். போன இடமெல்லாம் "பெரிய கல்லூரி பாஸ்கட்போல் ரீமில இருந்தனான்" என்று சொல்லி வந்தேன். பொய் இல்லையே, இருந்தேன்தானே. வாங்கில் என்று யாரும் கேட்கவில்லை.

நாலு பேர்

லண்டனில் நம்மவர்கள் இரண்டு பேர் சந்தித்தால், பெயர் கேட்பதற்கு முன்பே எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டுவிடுவார்கள். ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பழைய மாணவர் சங்கம் உண்டு. சில பள்ளிக்கூடங்களுக்கு இரண்டு, ஏனென்றால் முதல் சங்கத்தில் சண்டை வந்துவிட்டது. இந்தச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து கோடைகாலத்தில் ஒரு கூடைப்பந்துப் போட்டி வைக்கும்.

எங்கள் சின்னப் பள்ளிக்கூடத்துக்கும் ஓர் அணி இருந்தது. லண்டனில் முழங்கால் வேலை செய்கிற பழைய மாணவர்கள் சரியாக ஐந்து பேர். அந்த ஐந்து பேர்தான் அணி. வருடா வருடம் போவோம், தோற்போம், ரோல் சாப்பிட்டுவிட்டு வருவோம். ஓர் ஆட்டம்கூட வென்றதில்லை.

அந்த வருடம் பெரிய கல்லூரிச் சங்கத்திலிருந்து முகுந்தன் அழைத்தார். அணித்தலைவர், நகரத்தில் பெரிய கணக்காய்வாளர். "நீங்களும் எங்கட கொலிச்தானே, எங்களோட விளையாடலாமே," என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் ஓம் என்றுவிட்டேன். வாங்கிலிருந்து எழுந்து போய் ஒரே ஒரு முறை அந்த நீல பனியனோடு ஆட வேண்டும் என்பது என் நெஞ்சுக்குள் கிடந்த ஆசை. நாற்பதைத் தாண்டிவிட்டேன். இனி எப்போது?

பரமுவிடம் சொன்னேன். அவன் ஈஸ்ட் ஹாமில் மரக்கறிக்கடை வைத்திருக்கிறான். கையில் இருந்த புடலங்காயைக் கீழே வைக்காமலே கத்தினான்.

"டேய், நீ போனா நாங்கள் நாலு பேர்! நாலு பேரோட மட்ச் தொடங்க விடமாட்டாங்கள்!"

"வேற ஆளைப் பிடியன்."

"எங்க பிடிக்கிறது? மிச்ச ஆக்கள் எல்லாரும் கனடாவில நிக்கிறாங்கள்!"

நான் அசையவில்லை. இன்றைக்கும் சொல்கிறேன், நான் செய்தது சரி. கூப்பிட்ட இடத்துக்கு மனிதன் போகத்தான் வேண்டும்.

தம்பி ராசன்

பெரிய கல்லூரி அணியில் முதல் நாள் பயிற்சி. முகுந்தன் கை கொடுத்தார். என்னைவிட ஆறு வயது இளையவர்.

"நீர் எந்த வருசம் கொலிச்சுக்கு வந்தனீர்?" என்றார்.

சொன்னேன். அவர் மனதுக்குள் கூட்டிக் கழித்தார். கணக்காய்வாளர் அல்லவா. "அப்ப நான் உமக்கு சீனியர். நான் முதலாம் வகுப்பிலயே சேர்ந்திட்டன்," என்றார்.

அங்கே மூப்பு வயதில் இல்லை. கல்லூரிப் படியை யார் முதலில் மிதித்தார் என்பதில் இருக்கிறது. பால்பல்லோடு சேர்ந்தவர்கள் எல்லோரும், மீசையோடு சேர்ந்த எனக்கு மூத்தவர்கள். முப்பத்தைந்து வயதைத் தாண்டாத ஒருவன்கூட, "தம்பி ராசன், பந்தைப் பொறுக்கிக்கொண்டு வாரும்" என்று என் பெயருக்கு முன்னால் தம்பி போட்டான். நான் அவனை அண்ணை என்று கூப்பிட வேண்டியிருந்தது. என் பிழைப்பு கார் ஓட்டப் பழக்குவது. அவனுக்கு லைசன்ஸ் எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

இந்த மூப்பு ஆட்டத்துக்குள்ளும் வரும். பந்து கிடைத்தால் முதலில் மூத்தவருக்குக் கொடுக்க வேண்டும். மூத்தவரை வெளியே எடுத்து இளையவரை இறக்கக்கூடாது. மூத்தவர் எறிந்து தவறினால் யாரும் தலையில் கை வைக்கக்கூடாது. "நல்ல ஐடியா அண்ணை" என்று சொல்ல வேண்டும். அணியிலேயே கடைசித் தம்பி நான். எனக்குப் பந்து வருவதற்கு மற்ற எல்லோரும் களைத்து விழ வேண்டும்.

வீட்டில் வந்து குமுறினேன். வதனி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த வெங்காயங்களை, சமையலறையின் அந்தக் கரையில் இருந்த சட்டிக்குள் இந்தக் கரையில் இருந்தே ஒவ்வொன்றாக எறிந்தாள். ஒன்றும் தவறவில்லை. எனக்கு இருந்த கோபத்தில், ஏன் எறிகிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை.

"அப்ப பரமண்ணை ஆக்கள் நாலு பேரோடயோ நிக்கப்போகினம்?" என்றாள்.

"அது அவன்ர பாடு."

"ஓமோம்," என்றாள். இன்னொரு வெங்காயம் சட்டிக்குள் விழுந்தது.

வதனியும் எங்கள் சின்னப் பள்ளிக்கூடம்தான், எனக்கு இரண்டு வகுப்புக் கீழே. பெண் பிள்ளைகளின் வலைப்பந்து அணியில் கோல் எறிகிறவள் அவள்தான். வலைப்பந்தில் வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது. நேராக வளையத்துக்குள் போனால்தான் போனது. பரமு என்னைத் திட்ட வீட்டுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறான், அதை இவள் எடுத்திருக்கிறாள். மிச்சத்தை அவர்கள் இருவரும் பேசி முடித்துவிட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அக்கா, கவனம்

மண்டபத்துக்கு வருவோம். வதனி உள்ளே வந்ததும் நிர்வாகிகள் மேசையைச் சுற்றிக் கூடினார்கள். விதியில் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்க வேண்டும் என்று இருந்தது, சப்பாத்து தரையில் கறை விடக்கூடாது என்று இருந்தது. பெண்கள் ஆடக்கூடாது என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. சம்பளத்துக்கு வந்திருந்த வெள்ளைக்கார நடுவருக்கு மழை இன்னும் கூடுவதற்கு முன் வீட்டுக்குப் போனால் போதும். விசிலை ஊதிவிட்டார்.

முதலில் வதனி வளையத்துக்குக் கீழே போய் நின்றுகொண்டாள். அங்கே அதிக நேரம் நிற்கக்கூடாது என்று நடுவர் ஊதினார். இரண்டு முறை ஊதிய பிறகு விளங்கிக்கொண்டு, கோட்டுக்கு வெளியே ஓரடி தள்ளி நின்றாள். பந்தைத் தட்டிக்கொண்டு ஓட அவளுக்குத் தெரியாது, ஓடவும் இல்லை. பரமு கொடுப்பான். பிடிப்பாள். இரண்டு காலையும் ஊன்றி நிற்பாள். மேலே பார்ப்பாள். எறிவாள். பலகையில் படாமல் பந்து வளையத்துக்குள் போகும்.

எங்கள் நீல அணி ஆட்கள் அவளை மறிக்கவில்லை. மறிக்க முடியாமல் இல்லை, வெட்கம். இன்னொருவர் மனைவிக்குப் பக்கத்தில் போய்க் கையை விரித்துக்கொண்டு நிற்பது எப்படி? மூன்று அடி தள்ளி, கோயிலில் அர்ச்சனைக்கு நிற்பது போல நின்றார்கள். ஒருவர் அவள் எறியும்போது "அக்கா, கவனம்" என்றுகூடச் சொன்னார். வலைப்பந்தில் விதியே அதுதான், மறிப்பவர் மூன்று அடி தள்ளித்தான் நிற்க வேண்டும். அவளுக்குத் தன் பழைய மைதானத்தில் நிற்பது போல இருந்திருக்கும்.

பாதி ஆட்டம் தாண்டியபோது பெரிய கல்லூரி ஒரே ஒரு கூடையால்தான் முன்னால் நின்றது. மண்டபம் முழுக்கச் சிவப்புப் பக்கம் சாய்ந்துவிட்டது. ரோல் விற்ற பெண்கள் கடையை விட்டுவிட்டு வந்து கத்தினார்கள். முகுந்தன் ஆட்டத்தை நிறுத்தி எல்லோரையும் கூப்பிட்டார்.

"ஆராவது அவவை மறிக்க வேணும்!"

"எனக்கு ஏலாது அண்ணை. அவ என்ர மனிசிக்குச் சிநேகிதி."

"எனக்கும் ஏலாது. மோர்டன் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில என்ர மூண்டு பிள்ளையளுக்கும் அவதான் தமிழ் ரீச்சர்."

"நோ சான்ஸ் அண்ணை," என்றான் சின்ன வயதிலேயே கல்லூரியை விட்டு வந்து லண்டனில் வளர்ந்த ஒருவன். "எனக்கும் அவதான் ரீச்சர்."

எல்லாத் தலைகளும் மெதுவாக வாங்கின் பக்கம் திரும்பின.

"தம்பி ராசன்," என்றார் முகுந்தன். "உம்மட மனிசிதானே. நீரே மறியும்."

உள்ளே

வாங்கிலிருந்து எழுந்தேன். பெரிய கல்லூரிக்காக மைதானத்துக்குள் கால் வைத்தேன். இருபது வருடத்துக்கு மேல் காத்திருந்த அந்த நிமிடம், என் மனைவியைப் பிடிக்க ஆளில்லை என்பதற்காக வந்தது. எதற்காக வந்தால் என்ன? நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

வதனிக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றேன். மூன்று அடி எல்லாம் இல்லை, மூக்குக்கு மூக்கு.

"வாங்கோ," என்றாள்.

"சாறி வாங்கினியோ?" என்றேன்.

பரமு பந்தை எறிந்தான். அவள் பிடித்தாள். நான் குதிக்கத் தயாராக முழங்காலை மடித்தேன்.

"இஞ்சாருங்கோ, காலமை அடுப்பை நிப்பாட்டினனீங்களோ?" என்றாள்.

காலையில் பருப்புச் சூடாக்கினேன். நிப்பாட்டினேனா? சமையலறை கண் முன்னால் வந்தது, சட்டி வந்தது, தீயணைப்பு வண்டி வந்தது. பந்து என் காதைத் தாண்டிப் போய் வளையத்துக்குள் விழுந்தது.

"நிப்பாட்டினனீங்கள், நான் வெளிக்கிடேக்க பாத்தனான்," என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

அதற்குப் பிறகு நான் காதை மூடிக்கொண்டேன் என்று வையுங்கள். மாமியின் பிறந்தநாள் என்றாள், கேட்கவில்லை. காரின் எம்.ஓ.டி. சோதனைத் தவணை முடிகிறது என்றாள், கேட்கவில்லை. இரண்டு முறை அவளை எறிய விடாமல் திருப்பி அனுப்பினேன். ஒரு முறை பந்தைத் தட்டி முகுந்தன் கையிலேயே கொடுத்தேன். "குட், தம்பி!" என்றார். அந்த வார்த்தையை இப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

கடைசி வினாடிகள். பெரிய கல்லூரி ஒரு புள்ளி முன்னால். பந்து பரமு ஆட்கள் கையில். பரமு விழுந்து எழும்பி அதை வதனிக்கு எறிந்தான். அவள் பிடித்தாள், காலை ஊன்றினாள், மேலே பார்த்தாள். இதை மறித்தால் ஆட்டம் எங்களுடையது, நானும் பெரிய கல்லூரிக்காரன். என் உடம்பில் இருந்த பலம் முழுவதையும் சேர்த்துக் குதித்தேன்.

என் கை பந்தில் படவில்லை. அவளுடைய மணிக்கட்டில் பட்டது. பளார் என்று மண்டபம் முழுக்கக் கேட்டது. நடுவர் ஊதினார். எனக்குத் தவறு, அவளுக்கு, யாரும் மறிக்காமல் எறிய இரண்டு வாய்ப்பு.

மறிக்க ஆளில்லாமல் நின்று எறிவதற்கு வதனியிடம் கொடுத்தால் என்ன நடக்கும்? முதலாவது உள்ளே போனது. இரண்டாவதும் போனது. மணி அடித்தது. எங்கள் சின்னப் பள்ளிக்கூடம் லண்டனில் முதல் தடவையாக ஓர் ஆட்டத்தை வென்றது.

ஆளுக்கொரு பேச்சு

பரமு ஓடி வந்து என்னைத் தூக்கினான். தூக்க முடியாமல் கீழே வைத்தான். அவன் கண்ணில் தண்ணீர்.

"எனக்குத் தெரியுமடா! வேணுமெண்டுதானே அடிச்சனி? ஆர்ர ஆள் நீ!"

"இல்லையடா! நான் உண்மையா மறிக்கத்தான் பாத்தனான்!"

"ஓமோம், அப்பிடித்தான் சொல்ல வேணும்," என்று கண்ணடித்தான். குணமும் அண்ணன் தம்பியும் முதுகில் தட்டினார்கள்.

அவர்களை உதறிவிட்டு முகுந்தனிடம் ஓடினேன். "அண்ணை, நான் வேணுமெண்டு செய்யேல்லை," என்றேன். அவர் என் தோளில் கை வைத்தார். "பரவாயில்லை. குடும்பம் எண்டா அப்பிடித்தான்," என்றார். மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். யார் முகத்திலும் கோபமில்லை. கோபப்பட்டிருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு பக்கமும் போய் விளக்கம் சொன்னேன். சொல்லச் சொல்ல இரண்டு பக்கமும் சிரித்தார்கள். நான் அந்த ஆட்டத்தை முழு மனதோடு ஆடினேன் என்று அந்த மண்டபத்தில் ஒருவரும் நம்பவில்லை.

களைத்துப்போய் மூலையில் இருந்தேன். வதனி வந்து பக்கத்தில் இருந்தாள். மணிக்கட்டு சிவந்து தடித்திருந்தது. அதைத் தூக்கிக் காட்டினாள்.

"இது சும்மா அடிச்ச அடி இல்லை," என்றாள். "நீங்கள் உண்மையாத்தான் மறிச்சனீங்கள். எனக்குத் தெரியும்."

நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். பேசினால் அழுதுவிடுவேன் போல இருந்தது.

"மற்ற எல்லாரும் அக்கா, ரீச்சர் எண்டு விலகி நிண்டினம். எறியுங்கோ எண்டு விட்டுத் தந்தினம். இண்டைக்கு என்னோட விளையாடினது நீங்கள் ஒராள்தான்."

அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துத் தடவினேன். பிறகு புத்தி வந்தது.

"வதனி, இதை அங்க போய் முகுந்தனுக்கும் ஒருக்காச் சொல்லன்."

"ஏலாது," என்றாள்.

"ஏன்?"

"இப்ப எல்லாரும் பாசத்தில விட்டுத் தந்தனீங்கள் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம். உண்மையைச் சொன்னா, உங்களுக்கு மறிக்கவே தெரியாது எண்டெல்லோ விளங்கிப்போடும்."